பொது வார்டில் நின்ற பாக்கியம் அக்கா

செய்தி வந்தபோது கடையில் ஒரு பிளவுஸுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ ஓட்டும் மணியன் வாசலில் வந்து நின்று, "நம்ம கவுன்சிலர் போயாச்சு, அக்கா" என்றார். இப்போதைய கவுன்சிலர் நான்தான். ஆனாலும் யாரைச் சொல்கிறார் என்று உடனே புரிந்துவிட்டது. பதவி போய்ப் பல வருடங்கள் ஆகியும் ஆரியசாலையில் பாக்கியம் அக்காவை விட்டு அந்தப் பெயர் போகவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த முதல் போஸ்டர் நினைவிருக்கும். மிளகாய் மொத்தக் கடை வைத்திருந்த அவருடைய கணவர் சுப்பையா அண்ணனைத்தான் கட்சி நிறுத்துவதாக இருந்தது. பெண்களுக்கான வார்டுகளைச் சீட்டுக் குலுக்கி எடுக்கும் நறுக்கெடுப்பில் எங்கள் வார்டு வந்துவிட்டதால் அக்காவை நிறுத்தினார்கள். அச்சாகி வந்த போஸ்டரில் அண்ணன் முகம் பூசணிக்காய் அளவு. மூலையில் எலுமிச்சம்பழம் போல அக்கா.

"ஓட்டு எனக்கா, இவங்களுக்கா?" என்று அக்கா கேட்டார்.

"சேச்சியை யாருக்கும் தெரியாதல்லோ" என்றார் மலையாளியான கட்சிச் செயலாளர்.

"தெரியாட்டா தெரிய வையும். அதுக்குத்தானே போஸ்டர்?"

புதிய போஸ்டரில் அக்கா மட்டும் இருந்தார். அதைப் பார்த்து அதிகம் சிரித்தது அண்ணன்தான். அக்கா ஜெயித்த பிறகும் அதிகாரிகள் பழக்கத்தில் அண்ணனையே போனில் அழைப்பார்கள். "கவுன்சிலர் நம்பர் வேறயாக்கும். இங்க மிளகாய் மட்டுந்தான் கிடைக்கும்" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார்.

மழை பெய்தால் முழங்கால் வரை சாக்கடை ஏறும் எங்கள் சந்தில் அந்த ஐந்து வருடத்தில் ஓடை கட்டி மூடினார். வேலை முடியும்வரை தினமும் காலையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒப்பந்தக்காரருக்கு முன்னால் வந்து நின்றார். அடுத்த தேர்தலில் வார்டு பொதுவாயிற்று. கட்சி அவருக்குப் பொன்னாடை போர்த்தி, "சேச்சி இனி ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று சொல்லி ஓர் ஆண் வேட்பாளரை நிறுத்தியது.

"பொது வார்டுன்னா எல்லாருக்கும் பொதுதானே? ஆம்பிளை வார்டுன்னு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டு அக்கா சுயேச்சையாக நின்றார். என் தையல் கடைதான் தேர்தல் அலுவலகம். வாடிக்கையாளர்கள் துணி கொடுக்க வந்து, நோட்டீஸ் வாங்கிக்கொண்டு போனார்கள்.

எண்ணி முடித்தபோது இருவருக்கும் ஒரே எண்ணிக்கை. திரும்ப எண்ணியும் அதே. கடைசியில் அதிகாரி இரண்டு பெயர்களையும் எழுதி மடித்து, குலுக்கி ஒன்றை எடுத்தார். கட்சி வேட்பாளரின் பெயர் வந்தது. நான் அழுதுவிட்டேன். அக்கா எழுந்து போய் அவர் கையைக் குலுக்கி, "சீட்டு உங்க பக்கம், தம்பி. வார்டு பாதி என் பக்கம். சேர்ந்து பாப்போம்" என்றார். என்னிடம் திரும்பி, "எதுக்குட்டி அழற? கட்சி, கொடி, பணம் எல்லாம் அங்க. இங்க நாம ரெண்டு பேரு. அதுலயே சமமா வந்தாச்சு. வா, பாயசம் குடிப்போம்" என்றார். தோற்ற வீட்டில் அன்று பாலடைப் பாயசம். ஜெயித்தவருக்கும் ஒரு தூக்கு போனது.

அடுத்த முறை வார்டு மறுபடி பெண்களுக்கு வந்தபோது, கட்சிக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

"பொம்பளை வார்டுக்குப் புதுசா ஒரு பொம்பளையைக் கொண்டு வாங்க. நம்ம ஜெயா இருக்கா" என்று அக்கா என்னைக் காட்டினார். நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். "தோத்த அன்னிக்கே பாயசம் குடிச்சவதானே, பயப்படாதே" என்றார். நின்றேன், ஜெயித்தேன்.

இந்தத் தடவை வார்டு திரும்பவும் பொதுவானது. எனக்கும் பொன்னாடை வாங்கியாயிற்று என்று கேள்விப்பட்டதும், முட்டுவலியோடு அக்கா கட்சி அலுவலகப் படி ஏறினார்.

"போன பொது வார்டுல நான் ஒருத்தி வெளிய நின்னேன். இந்தத் தடவை ரெண்டு பேரா நிக்கலாம்னு இருக்கோம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

செயலாளர் வெகுநேரம் யோசிக்கவில்லை; கட்சி என்னையே நிறுத்தியது.

முடிவு வந்த அன்று அக்கா எண்ணும் இடத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜெயித்துவிட்டதை ஓடிப்போய்ச் சொன்னேன். "குலுக்காமலேயா?" என்று கேட்டுச் சிரித்தார். அதற்கப்புறம் கொஞ்ச நாள்தான் இருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டதால் எனக்கு அதிகம் அழ வரவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு வழக்கம். வார்டு சபையில் பெண்கள் பின்னால் சுவரை ஒட்டி நிற்பார்கள். அக்கா மைக்கைப் பிடித்து, "முன்னால நாற்காலி சும்மா கிடக்கு. நீங்க உக்காந்தாத்தான் தொடங்கும், கேட்டியளா" என்பார். தொடங்கவும் மாட்டார். நானும் அப்படியே செய்துவந்தேன். அவர் போனபின் நடந்த முதல் சபைக்கு நான் சற்றுத் தாமதமாகப் போனேன். மைக்கின் அருகே வந்து நிமிர்ந்து பார்த்தால், முன்வரிசை முழுக்கப் பெண்கள். ஆண்கள் சிலர் சுவரோரம் நின்றிருந்தார்கள்.