கிளைமாக்ஸை முதலில் சொல்கிறவர்

முந்தின நாள் பார்த்த புதுப்படத்தில் கதாநாயகன் கோடாலியால் ஒருவன் காலை வெட்டுகிற இடத்தை வர்ணித்துக்கொண்டே, அவர் ஒரு லாரி டிரைவரின் உடைந்த காலைப் பிடித்து நேராக இழுத்தார். டிரைவர் கட்டடமே அதிர அலறினார்.

"கேட்டீங்களா, இதான் நிஜமான சத்தம்! படத்துல கால் போனவன் வாயே திறக்கல. சவுண்டு போட்டவனை ஒரு நாள் என் ரூமுக்கு அனுப்பி வைக்கணும்," என்று சொல்லிவிட்டு, மாவுப் பட்டையை வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்தார்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிறவர் அவர். சொந்தப் பேர் ஒன்று இருக்கிறது, யாருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவர் 'கிளைமாக்ஸ்' அண்ணன். எந்தப் படம் வந்தாலும் முதல் காட்சிக்குப் போய்விடுவார். மறுநாள் பெஞ்சில் வரிசையாகக் கை கால் உடைந்து உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் முடிவு வரை சொல்லித் தீர்ப்பார். வேண்டாம் வேண்டாம் என்று காதைப் பொத்தினாலும் விடமாட்டார், பாதிப் பேருக்குப் பொத்துவதற்கு ஒரு கைதானே இருக்கிறது! எக்ஸ்ரே எடுக்கிற அம்மா ஆசை ஆசையாக டிக்கெட் எடுத்து வைத்திருந்த படத்துக்கு, நடைவழியில் வைத்தே, "கொலை பண்ணினது அந்த மாமியார்தான்," என்று போட்டு உடைத்தார். அந்த அம்மா இன்றுவரை அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

கட்டைப் பிரிக்கிற ரம்பத்துக்கும் அதே கதைதான். மின்சாரத்தில் ஓடுகிற சின்ன வட்ட ரம்பம் அது. சுவிட்சைப் போட்டால் போதும், அந்தச் சத்தத்துக்கே பெரிய பெரிய ரவுடிகள்கூட வேர்த்து விறுவிறுத்துப் போவார்கள். இவர் உடனே அதைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். "பாத்தீங்களா? இது சுத்தாது, சும்மா நடுங்கும். கெட்டியா இருக்கறதைத்தான் வெட்டும், சதையை வெட்டாது." மனுஷன் கொஞ்ச நேரம் பயந்துதான் போகட்டுமே என்று இருக்க அவருக்கு மனசு வராது.

சண்டைப் படங்களுக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. "அடிச்சா வலிக்கணும், வலிச்சா விழணும், விழுந்தா என்கிட்ட வரணும்." இந்தக் காலத்துப் படங்கள் அதில் தேறுவதில்லை. கோடாலிப் படத்தில் ஒரு ஊரையே வெட்டிச் சாய்க்கிறான், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ரத்தம் கொட்டுகிறது, அவன் சட்டையில் ஒரு பொத்தான் தெறிக்கவில்லை. பழைய படங்களும் யோக்கியமில்லை. ஒரு அறை விட்டால் நாயகி கட்டிலில் போய் விழுவாள், கன்னம் வீங்காது, அடுத்த காட்சியில் பாட்டு வேறு பாடுவாள்.

ஆனால் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மட்டும் அவர் அடிமை. அதில் தங்கையைப் போட்டு அடிக்கிற மாப்பிள்ளையிடம் அண்ணன்காரன் கையை ஓங்காமல் பேசுவான். மூச்சு விடாமல் பேசுவான். மாப்பிள்ளை மனசு கரைந்து அழுது திருந்துவான், சுபம். எலும்புக்கு எலும்பு குறை சொல்கிற மனிதர், அந்த இடம் வந்தால் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்தப் படம்தான் அவர் குடியைக் கெடுத்தது.

அவருக்கு ஒரே தங்கை. அவள் புருஷன் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன், ஆள் கதவு மாதிரி இருப்பான். போன வருஷம் அவள் சுண்டுவிரலை ஒடித்துக்கொண்டு வந்தாள். ஒடித்தது புருஷன்தான் என்று தெரிந்ததும் இவர் நேராக அவர்கள் வீட்டுக்குப் போனார், அடிக்க அல்ல, பேச. அந்தப் படத்து அண்ணன் பேசியதில் முக்கால்வாசியைப் பேசினார். என்ன ஆச்சரியம், மாப்பிள்ளை அழுதான்! "இனிமே இவ மேல கை வச்சா என் கை அழுகிப் போகட்டும் மச்சான்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். இவருக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. மறுநாள் கேன்டீனில் அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

லாரி டிரைவரை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், வாசலில் தங்கை நிற்கிறாள். வலது கை தொங்குகிறது. இடது கையில் எக்ஸ்ரே.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்."

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விழுந்து கையை ஊன்றினவர்களுக்கு மணிக்கட்டில் உடையும். இவளுக்கு முன்னங்கையின் நடுவில் உடைந்திருந்தது. தலையில் விழவேண்டிய அடியைக் கையைத் தூக்கித் தடுத்தால்தான் அங்கே உடையும். கழுத்தில் விரல்கள் பதிந்த தடம் வேறு.

"எதால அடிச்சான்?"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் பஞ்சைச் சுற்றி, பட்டையை நனைத்து, சுற்ற ஆரம்பித்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "நாற்காலி. உடைஞ்சு போச்சு. அப்புறம் அதோட காலால."

"அன்னைக்கு அப்படி அழுதானே!"

"அழுவான். அடிச்சு முடிச்சதும் எப்பவும் அழுவான். நீ ஒரு தடவைதாண்ணா பார்த்த. எனக்கு அது வாராவாரம் ஓடுது."

பட்டை அவர் கையிலேயே நின்றுவிட்டது. பத்து நிமிஷத்தில் வில்லன் யாரென்று சொல்லிவிடுவேன் என்று மார்தட்டுகிற ஆள். அவருக்கு அவமானத்தில் காது ரெண்டும் சுட்டது.

கட்டு இன்னும் காயவில்லை. மாப்பிள்ளை உள்ளே வந்தான், வரும்போதே கண் கலங்கியிருந்தது.

"மச்சான், என்னை மன்னிச்சிடுங்க. புத்தி கெட்டுப் போச்சு. இனிமே இவ மேல கை வச்சா..." அங்கே ஒரு விசும்பல். "என் கை அழுகிப் போகட்டும்."

அதே வரி. அதே இடத்தில் அதே விசும்பல். இவர் கேன்டீனில் சொல்லிக் காட்டும்போது எங்கே நிறுத்துவாரோ, அங்கேயே.

"வா, வீட்டுக்குப் போலாம்," என்று அவன் அவளுடைய நல்ல கையைப் பிடித்து இழுத்தான்.

"வரமாட்டேன்."

"வான்னா வரணும்!" அழுகை எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. ஓங்கி ஓர் அறை விட்டான். அவள் ஸ்டூலோடு சாய்ந்து விழுந்தாள். ஈரக் கட்டு தரையில் மோதி நசுங்கியது. அவள் போட்ட சத்தத்தை எந்தப் படத்திலும் அவர் கேட்டதில்லை.

ஆயிரம் சண்டை பார்த்த மனிதர் பாய்ந்தார். மாப்பிள்ளையின் தாடையில் முழு பலத்தோடு ஒரு குத்து. நொறுங்கியது இவர் கைதான். அடுத்த நொடி அவன் இவர் கழுத்தைப் பிடித்துத் தலையைக் கைகழுவும் தொட்டியில் மோதினான். மறுபடியும் மோதினான். முன்பல் ஒன்று உடைந்து தொட்டிக்குள் உருண்டது. கீழே தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றி, தொண்டையை இறுக்கினான். ஒரு வசனம் பேசுகிற நேரம்கூட ஆகவில்லை. பின்னணி இசை இல்லை, காப்பாற்ற ஆளில்லை. விலா எலும்பு முறிகிற சத்தம் அவருக்கு உள்ளிருந்து கேட்டது. செத்தோம் என்றே நினைத்தார்.

அப்போதுதான் அந்த ரம்பம் ஓடுகிற சத்தம்.

தங்கை இடது கையால் ரம்பத்தைப் பிடித்து, புருஷன் கழுத்தில், காதுக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவள் வாயோரம் ரத்தம் வழிந்தது. முகத்தில் கோபம்கூட இல்லை. கறி நறுக்குகிறவள் முகம் போல இருந்தது.

"அவரை விடு."

"ஏய்... ஏய், கீழ வை!"

இன்னும் அழுத்தினாள். கழுத்துத் தோல் சூடேறிச் சிவந்தது. அவன் அலறிய அலறலில் பெஞ்சிலிருந்தவர்கள் நொண்டிக்கொண்டே எழுந்து ஓடிவந்தார்கள். அவன் கால்சட்டை நனைந்தது.

அது சதையை வெட்டாது. அவனுக்கு அது தெரியாது. அவளுக்கும் தெரியாது. போன வருஷம் அவள் விரலுக்குப் போட்டது சின்னக் கட்டு, கத்தரியாலேயே வெட்டியாயிற்று. வீட்டில் இவர் ரம்பத்தைப் பற்றி வாயே திறந்ததில்லை, அங்கே சினிமா பேசவே நேரம் போதவில்லை. அவள் அறுக்கத்தான் வைத்தாள். கீழே கிடந்தபடி அதை அவள் கண்ணில் பார்த்தார். வெட்டாதும்மா என்ற சொல் பழக்க தோஷத்தில் நாக்கு நுனி வரை வந்தது. வாயிலிருந்த ரத்தத்தோடு சேர்த்து அதை விழுங்கினார்.

காவலாளிகள் வந்து அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். பின்னாலேயே ஓடிவந்த இளம் டாக்டர் இவர் கையைத் தூக்கிப் பார்த்து, "எப்படி ஆச்சு?" என்றார்.

"இங்கதான் டாக்டர்... தரை ஈரம், வழுக்கி..."

"வழுக்கல," என்றாள் தங்கை. "என் புருஷன் அடிச்சான். எனக்கும் அவன்தான் அடிச்சான். போலீசுக்கு நானே சொல்றேன்."

டாக்டர் போன பிறகு, நசுங்கிய கட்டைப் பிரித்து, உடையாத கையால் அவளுக்குப் புதுக் கட்டு போட்டார். பாதியில் பொறுக்கமுடியாமல் மெல்லச் சொன்னார். "அது... சதையை வெட்டாதும்மா. சும்மா நடுங்கும்."

அவள் ரம்பத்தைப் பார்த்தாள்.

"நெஜமாவா?"

"நெஜமா."

"யார்கிட்டயும் சொல்லிடாதண்ணா."

அவள் இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறாள். அவன் ஜெயிலுக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டான். சில நாள் தெருமுனையில் வந்து நிற்பான். அவள் வாசலுக்கு வந்தால் அவன் கை தானாகக் கழுத்துக்குப் போகும். முனையைத் தாண்டி ஓர் அடி வைப்பதில்லை.

படங்களின் முடிவை அண்ணன் இன்னும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், அதில் ஒரு மாற்றமும் இல்லை. ரம்பத்தை மட்டும் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவதை நிறுத்திவிட்டார். கட்டுப் பிரிக்க வருகிறவர்களில் மாப்பிள்ளையோடு மூட்டை தூக்குகிற கிடங்கு ஆட்களும் உண்டு. சத்தம் கேட்டதும் அவர்கள் முகம் வெளுத்து, "அண்ணே, கையை வெட்டிடாதுல்ல?" என்று கேட்கிறார்கள்.

"அசையாம இருந்தா வெட்டாது," என்று மட்டும் சொல்கிறார்.