முழு மார்க் வாங்கிய ரீல்ஸ்

இன்று மாலை குஜிலியம்பாறை பஸ்ஸில், பக்கத்து சீட்டில் காலிச் சாக்குகளோடு இருந்தவர் கேட்டார்: "நீங்க எம் மகளுக்குப் பாடம் எடுக்குற மேடம்தானே?"

பெயரைச் சொன்னார். இங்கே எழுத மாட்டேன். என் மார்க்கெட்டிங் வகுப்பு மாணவி, இரண்டு வாரமாக வரவில்லை.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கா. நாங்கதான் நிப்பாட்டிட்டோம்."

ஏதாவது ஒரு கடைக்கு விளம்பர ரீல்ஸ் எடுத்துப் போடுவது நான் கொடுத்த அசைன்மென்ட். அவள் ஒரு பூக்கடைக்கு எடுத்தாள். முகத்தைக் காட்டிப் பேசு, அப்போதுதான் பார்ப்பார்கள் என்று சொன்னவளும் நான்தான். வகுப்பிலேயே அதிகம் பேர் பார்த்தது அதைத்தான். முழு மார்க் போட்டு, எல்லோரையும் கைதட்ட வைத்தேன்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்த்தேன். கமெண்டுகளைப் படிக்கவில்லை.

"எவனோ அத வெட்டி, அசிங்கமான பாட்டச் சேத்து விட்டுட்டான். அவ அழிச்சிட்டா. ஆனாலும் எங்க ஊர்ல எல்லாப் போன்லயும் கெடக்கு."

போலீசில் புகார் கொடுக்கலாம் என்றேன்.

"குடுத்தா அங்கயும் நாலு பேரு பாப்பாக."

சாக்குகளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டார்:

"அம்புட்டுப் பேரும் பாக்குறதுக்குச் சொல்லிக் குடுத்தீகள்ல மேடம். யாரும் பாக்காம இருக்குறதுக்கும் சொல்லிக் குடுங்க."

பன்னிரண்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். இந்தப் பாடத்தை நடத்தியதில்லை.

தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். இந்த முறை ஒன்றுவிடாமல் படிப்பேன்.