ஆயாக் கொட்டகையும் விமானம் வராத காலையும்

புளித்த ரப்பர் பால், ஆறிக்கொண்டிருக்கும் கஞ்சி, மூத்திரத் துணி... மூன்றும் சேர்ந்த ஒரு வாசனை. என் முதல் வேலையை நினைத்தாலே அதுதான் மூக்கில் ஏறுகிறது.

நான் சொல்லச் சொல்ல மகள் டைப் செய்கிறாள். எழுத்துப்பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள். மற்றதற்கு நான் பொறுப்பு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், மலாயாவில் குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அம்மாக்கள் விடியும் முன்பே பால் வெட்டப் போய்விடுவார்கள். திரும்பி வரும்வரை அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாக் கொட்டகை இருந்தது. அங்கே நான்தான் ஆயா. உடனே நரைத்த தலையை நினைக்காதீர்கள், எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் இருந்த சமதரையை விமானம் இறங்க ஒதுக்கினார்கள். சிங்கப்பூரிலிருந்து ஓட்டிப் பழக வரும் சின்ன விமானங்கள். கொட்டகைக்கும் அதற்கும் இடையில் சத்தத்தைத் தடுத்து நின்ற பால்மரங்களையும் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த சத்தம் இருக்கிறதே... கூரைத் தகரம் நடுங்கும். ஏணையில் தூங்கும் கைக்குழந்தைகள் எல்லாம் ஒன்றாக வீறிடும். எதை முதலில் தூக்குவது என்று தெரியாது.

அதிலும் என் ஒரு கண் எப்போதும் அஞ்சலையின் மகள் சின்னப்பொண்ணு மேலேயே இருக்கும். மூன்று வயது. பயந்து அழ ஆரம்பித்தால் மூச்சைக் கட்டிக்கொள்வாள். உதடு நீலமாகிவிடும். முகத்தில் தண்ணீர் அடித்து, முதுகைத் தடவி... அவளுக்கு மூச்சு திரும்பும்வரை எனக்கு உயிர் இருக்காது. ஒரு நாள் திரும்பாமலே போய்விட்டால் அஞ்சலையிடம் என்ன சொல்வேன்?

அந்தச் சமயத்தில்தான் பழைய கொட்டகையை இடித்துவிட்டு அதே இடத்தில் செங்கல் கட்டடம் வரப்போகிறது என்றார்கள். செங்கல் வைத்த பிறகு யார் நகர்த்துவார்கள்? மேட்டுக்கு அந்தப் பக்கம், ஓடைக்கரையில் கட்டுங்கள் என்று பெண்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டோம். எனக்கு வாய் நீளம் என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

கிராணியாருக்கு அது பிடிக்கவில்லை. கணக்கு எழுதுகிறவர், எங்களுக்கும் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கும் நடுவில் இருக்கிறவர்.

"தொரை நேர்ல வந்து பாக்கறாராம். சத்தமெல்லாம் சும்மா கதைன்னு தெரிஞ்சுது... ஒன் பேர வெட்டிருவேன், தனம். பாத்துக்க."

பேரை வெட்டினால் வேலை மட்டும் போகாது. தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். சீக்காளி அம்மாவை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது?

துரை வந்தார். பாருங்கள் என் நேரத்தை, அன்றைக்கென்று தெற்கே, சிங்கப்பூர் பக்கம், வானம் கறுத்துக் கிடந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஏணைகள் எல்லாம் அசையாமல் தொங்கின. பிள்ளைகள் சமர்த்தாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். தினமும் நான் மண்ணை வாரித் தூற்றிய விமானத்தை அன்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டு கூப்பிட்டேன். வரவில்லை.

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிராணியார் என்னைப் பார்த்தார்.

அப்போது விமானத் திடலில் தகர டின் தட்டும் சத்தம் கேட்டது. மாடு மேய்க்கும் வீராசாமி அண்ணன். விமானம் வரும் நாளில் டின் தட்டி அங்கிருந்து மாடுகளை விரட்டுவது அவர் வேலை. மழையால் விமானம் நின்றுபோன சேதி அவருக்கு இன்னும் வரவில்லை.

டின் சத்தம் கேட்டதுதான் தாமதம். நடக்கத் தெரிந்த அத்தனை பிள்ளைகளும் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். பெஞ்சுக்கு அடியில் நுழைந்தார்கள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்கள். யாரும் அழவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தார்கள்.

விமானம்தான் வரவில்லை.

"இந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்துப் பழக்கி வச்சிருக்குங்க தொரை," என்றார் கிராணியார்.

ஆமாம், அப்படித்தானே தெரியும்... நான் இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

துரை பெஞ்சுக்குப் பக்கத்தில் போய், அந்த ஆறடி உடம்பை மடக்கிக் குனிந்து பார்த்தார். ஓரத்தில் சின்னப்பொண்ணு. கண்ணைத் திறந்தவள், அவரும் ஒளிய வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள் போல. பக்கத்துப் பிள்ளையை நெருக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

"வா... எடம் இருக்கு," என்றாள். காதிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

துரை எழுந்தபோது முகம் சிவந்திருந்தது. கிராணியாரிடம் தோட்டத்துத் தமிழில், "மேட்டுக்கு அந்தப் பக்கம் கட்டு," என்றார். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் ஏணைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

புதுக் கட்டடத்துக்குப் போன பிறகும் கொஞ்ச நாள் பிள்ளைகள் ஒளியப் பெஞ்சைத்தான் தேடினார்கள். ஒரு காலையில் மேட்டுக்கு அப்பாலிருந்து டின் சத்தம் லேசாகக் கேட்டது. சின்னப்பொண்ணு கஞ்சிக் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. இன்னும் கொஞ்சம் உப்பு கேட்டாள்.

இப்போது மகளோடு நான் இருக்கும் தாமான் குடியிருப்புக்கு மேலேயும் விமானம் போகிறது. நாங்கள் மனு கொடுத்து, போன மாதம் சத்தத்தை அளக்க ஒரு தம்பி கருவியோடு வந்தார். நல்ல பிள்ளை. அவர் நின்ற நேரத்தில் ஒன்றும் பறக்கவில்லை.

"ரீடிங் எல்லாம் ஓகே பாட்டி."

"கொஞ்சம் இருப்பா, வரும்."

"இன்னும் வேற தாமானுக்குப் போகணும் லா."

போய்விட்டார். அந்தக் கருவியைக் குறை சொல்ல மாட்டேன். துரை வந்த அன்றைக்கு அது இருந்திருந்தாலும் ஒன்றும் காட்டியிருக்காது.

இந்தக் கதையைச் சின்னப்பொண்ணிடம் போனில் சொல்லிச் சிரித்தேன். அவளும் இப்போது கிழவிதான். மெர்சிங்கில் கடலோரமாக மகன் வீட்டில் இருக்கிறாள். அவள் சிரிக்கவில்லை.

"ரொம்ப சத்தமா இருக்காக்கா?" என்று கேட்டாள். "இங்க வந்துருங்க. எடம் இருக்கு."