பாதிப் பாவில் எழுந்தவள்

வியாழக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்லும் நேரம் வந்தால் எஸ்தரம்மாள் பாயின் ஓரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். மற்றவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஒருத்தியிடம் ஆண்டவர் விடியற்காலையில் பேசுவார். இன்னொருத்தியிடம் கிணற்றடியில் பேசுவார். காணாமல் போன ஆடு எந்தத் தெருவில் நிற்கிறது என்றுகூட ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறார். எஸ்தரம்மாளிடம் மட்டும் அவர் வாயே திறந்ததில்லை. அதற்காக அவள் வருத்தப்பட்டாள் என்றும் சொல்ல முடியாது. வருத்தப்படுவதற்கு உள்ளே ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே.

ஞானஸ்நானத்துக்கு முன் அவள் பெயர் தில்லையம்மாள். பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பம். புருஷன் திருஞானசம்பந்தம் கல்யாணமான ஐந்தாம் வருஷமே வாந்திபேதியில் போய்விட்டான். மிச்சம் இருந்தது ஒரு மகளும் ஒரு கைவேலையும். மகள் பெயர் சொர்ணம். கைவேலை, பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் கட்டும் இழைகள்தான் பாவு. ஒரு பாவு நெய்து தீர்ந்ததும், புதுப் பாவின் இழைகளைப் பழையதன் நுனிகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், தலைமயிரைவிட மெல்லியவை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பார்வையை எங்கேயோ வைத்துக்கொண்டே முறுக்கிவிடுவாள், ஒன்றுகூட நழுவாது. அவள் வேதத்தில் சேர்ந்த பிறகு, அந்தச் சாம்பல் அடுப்பிலிருந்து வந்ததா கோயிலிலிருந்து வந்ததா என்று சபையில் சிலருக்குச் சந்தேகம் வந்தது. அடுப்புச் சாம்பல்தான்.

இந்த வேலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆரம்பித்த கைதான் முடிக்க வேண்டும். கைக்குக் கை முறுக்கு மாறும், சேலையில் கோடு விழும். பாதியில் எழுந்து போனால் அந்தத் தறிக்கே ஆகாது என்றும் தெருவில் நம்பினார்கள். அவசரம் என்றாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

1921 ஐப்பசியில் சபாபதி வீட்டில் அவள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். சபாபதி அவள் புருஷனுக்குப் பங்காளி. ஆறு வயசுச் சொர்ணத்துக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். காலையில் கஞ்சி குடித்தாளே என்ற தைரியத்தில் விட்டுவிட்டு வந்திருந்தாள். சாயங்காலம் வேலையை முடித்து, கையைக் கழுவி, வீட்டுக்குப் போனால் வாசலில் ஜனம் நிற்கிறது. உள்ளே, வீடு வீடாகப் போய் வேதம் படித்துக் காட்டும் ரூத்தம்மாள் சொர்ணத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தெருவோடு போனவள், முனகல் கேட்டு நுழைந்தாளாம். குழந்தை போய் ஒரு நாழிகை ஆகியிருந்தது.

தில்லையம்மாள் அழவில்லை. அழவில்லையே என்று ஊர் பேசியது, அதுவும் அவள் காதில் ஏறவில்லை. இரண்டு வருஷம் கழித்து வேதத்தில் சேர்ந்தாள். வேதத்தை நம்பினாளோ இல்லையோ, அந்த மடியை நம்பினாள். பெயர் மாறியது. வேலை மாறவில்லை. பங்காளிகள் சாப்பிடக் கூப்பிடுவதை நிறுத்தினார்களே தவிர, பாவு பிணைக்கக் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அவளைப் போல முறுக்க வேறு கை இல்லை. அதனால் இரண்டு மூன்று மாசத்துக்கு ஒருமுறை சபாபதி வீட்டில் அதே தறியின் முன்னால், அதே இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

1925-ல் போதகர் மாசிலாமணி ஐயர் அவளைக் கூப்பிட்டார். வாலாஜாபாத்தில் சிறுமிகள் விடுதி ஒன்று திறக்கப் போவதாகவும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு விதவை தேவை என்றும் சொன்னார். ஆனால் அந்த வேலைக்குத் தேவ அழைப்பு இருக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை சபைக் கமிட்டியின் முன்னால் ஆண்டவர் தன்னிடம் பேசினாரா என்று அவள் சொல்ல வேண்டும். போனால் அந்தத் தறியின் முன்னால் இனி உட்கார வேண்டாம். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பொய் சொல்வதற்கும் ஒரு சுறுசுறுப்பு வேண்டும், அது அவளிடம் இல்லை.

ஆகவே தனக்குத் தெரிந்த வழியில் கேட்டாள். பூ கட்டிப் பார்த்தாள். ஒரு காகிதத்தில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்பு அரளி, இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, சாமிக்கு முன்னால் வைக்கிற மாதிரி வேதப்புத்தகத்தின் நடுவில் வைத்தாள். வெள்ளை வந்தால் போவது, சிவப்பு வந்தால் இருப்பது. கண்ணை மூடி எடுத்தாள். சிவப்பு வந்தது. சரியாகக் குலுக்கவில்லையோ என்று மறுபடி எடுத்தாள். வெள்ளை வந்தது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டையும் உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடிவிட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை ஜெபிக்க வந்த ரூத்தம்மாள் புத்தகத்தைத் திறந்ததும் பொட்டலங்கள் மடியில் விழுந்தன. சங்கீதத்தின் பக்கத்தில் அரளிச் சாறு சிவப்பாக ஊறியிருந்தது. ரூத்தம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, எந்தப் பூ வந்தது என்று கேட்டாள். இரண்டும் வந்தது என்றாள் எஸ்தரம்மாள்.

"ஏம்மா, ரெண்டு பதிலையும் நீயே மடிச்சு வச்சிட்டு, அவரு பேசலன்னு சொல்லிக்கினு இருக்கிறியே" என்றாள் ரூத்தம்மாள்.

சனிக்கிழமை சபாபதி வீட்டில் பாவு. சபாபதி பட்டு வாங்கப் போயிருந்தான். அவன் மனைவி கமலாட்சி எதிரில் உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுத்தாள். உள்ளறையில் அவளுடைய நாலு வயசு மகள் காய்ச்சலில் கிடந்தாள். ஒவ்வொரு முனகலுக்கும் கமலாட்சியின் கண் உள்ளே போய்த் திரும்பியது. கை மட்டும் நிற்கவில்லை. பாதிக்கு மேல் ஆகியிருந்தது. அப்போது எஸ்தரம்மாளுக்கு உள்ளே ஒன்று தோன்றியது. போதும், எழுந்திரு.

அவள் விரல்கள் நின்றன. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். அதட்டாத, கெஞ்சாத, வீட்டு மனுஷர் சொல்கிற மாதிரி ஒரு குரல். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் மூன்று தடவை அது சொன்னது. மூன்று தடவையும், இன்னும் கொஞ்சம்தான் என்று மனசுக்குள் பதில் சொல்லிவிட்டு முறுக்கிக்கொண்டே இருந்தாள். தன்னுடைய கவலைதான் அப்படி நச்சரிக்கிறது என்று நினைத்தாள். அதற்கப்புறம் அதை நினைக்கவே இல்லை. இப்போது அவளுக்குப் பயமும் வரவில்லை, ஆனந்தமும் வரவில்லை. இது யார் என்று மட்டும் தெரிந்தது.

இழைகளை விட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"கமலாட்சி, எழுந்திரு. கொழந்தையண்ட போ."

"பாவு பாதியில இருக்குதுக்கா."

"கெடக்கட்டும். அன்னிக்கும் இப்படித்தான் இருந்துது."

அதற்கு மேல் கமலாட்சிக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே குழந்தைக்குக் கண் செருகி, பல் கிட்டியிருந்தது. இருவரும் தூக்கிக்கொண்டு தர்ம ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஒரு வாரம் இழுத்துப் பிழைத்தது. ஓடாமல் இருந்திருந்தாலும் பிழைத்திருக்குமோ என்னவோ, அதை யார் சொல்வது? சபாபதி திரும்பி வந்து, சிக்கிக் கிடந்த பாவைப் பார்த்துத் தெரு கேட்கக் கத்தினான். சேலையில் கோடு விழுந்ததும் உண்மைதான். அப்புறம் அவளை அவன் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. ஐயர் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, ஆண்டவர் உன்னிடம் பேசினாரா என்று கேட்டார். பேசினார் என்றாள். என்ன சொன்னார் என்றார்.

"எழுந்திருன்னாரு ஐயா. நேத்து ஒரு தடவ சொன்னாரு. அதுக்கு மின்ன, எங்க சொர்ணம் செத்த அன்னிக்கி மூணு தடவ சொன்னாரு. நான் எழுந்திருக்கல."

ஐயர் அதை எழுதவில்லை. பேனாவிலிருந்து மை சொட்டி நோட்டில் விழுந்தது. நோட்டை மூடிவிட்டு, திங்கட்கிழமை வண்டி வரும், தயாராக இரு என்று மட்டும் சொன்னார்.

வாலாஜாபாத் விடுதியில் அவள் பதினாலு வருஷம் இருந்தாள். அங்கேயும் சாட்சி சொன்னதில்லை, அதிகம் சிரித்ததும் இல்லை. பிள்ளைகளுக்கு அவளிடம் ஒரே ஒரு குறை. தலை பின்னிக்கொண்டிருப்பாள், எங்கோ ஒரு குழந்தை இருமினால் பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிடுவாள். சோற்றில் வைத்த கையோடு எழுந்துவிடுவாள். ஒரு தடவை விடுதிக்கு வந்திருந்த ஐயரே ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும்போது எழுந்து போனாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தார். ஒவ்வொரு தடவை எழும்போதும் அவள் சபாபதி வீட்டுத் தறியின் முன்னாலிருந்துதான் எழுந்தாள். அந்தக் குரல் எந்தக் குழந்தையிடம் போகச் சொன்னாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள், சொர்ணத்திடம் தவிர.