கொழுந்து லொறி காத்திருந்த நாடகம்

போன வாரம் எங்கள் நாடகக் குழுவின் புதிய அழைப்பிதழ் அச்சாகி வந்தது. மை வாடைகூடப் போகவில்லை. "மாணவர்களையும் மூத்தோரையும் அன்புடன் அழைக்கிறோம்" என்று போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தைந்து வயதில் ஹற்றனில் இந்தக் குழுவில் சேர்ந்தபோது நானும் அப்படித்தான் எழுதினேன். முன்வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அடுத்த வரிசையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். நாற்பதைத் தாண்டிய, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு நேரமிருக்காது என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். நாடகம் என்னவோ அவர்களைப் பற்றியதுதான்!

என் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. நான் நடித்த ஒரு நாடகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. அது எனக்குப் பெரிய குறை.

அதனால் பொகவந்தலாவையில் எங்கள் தோட்டத்துக்கே நாடகத்தைக் கொண்டுபோனேன். மகா புத்திசாலி அல்லவா, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கங்காணியை விட்டு அறிவிக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். நாற்காலியில் ஒருத்தியும் உட்காரவில்லை. பெரட்டில் நிற்பதுபோல வரிசையாக நின்றார்கள், ஓரத்தில் கங்காணி. நாங்கள் குட்டிக்கரணம் போட்டும் ஒரு சிரிப்பு இல்லை. முடிந்ததும் ஒரு அக்கா கேட்டார்: "இதுக்கு அரைப் பேரு போடுவாங்களா?" அரைநாள் வேலையாகப் பதிவார்களா என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சண்டை பிடித்தேன். அவள் ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னாள்: "பெரட்டுல சொன்னா அது வேலைடி. வேலையில எவ சிரிப்பா?"

"பின்ன எப்பதான் பாப்பீங்க?"

"அந்தியில கொழுந்து நிறுக்க லொறி வர்ற வரைக்கும் மடுவத்துல சும்மாதானே நிக்கிறோம். நீங்க வாங்க."

கொழுந்து நிறுக்கும் அந்தக் கொட்டகைதான் மடுவம். ஈரக் கொழுந்து வாடையும் தகரத்தில் மழைச் சத்தமுமாக இருக்கும். நாடகத்தை இருபது நிமிடத்துக்குச் சுருக்கிக்கொண்டு போனோம். சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். புருஷனாக நடித்தவன் கத்திக்கொண்டிருக்க, பின்னாலிருந்து ஒரு குரல்: "மொதல்ல அந்தக் கேத்தல அடுப்புல வையிடா!" அவன் பயந்துபோய் வசனத்தை விட்டுவிட்டுத் தேநீர்க் கேத்தலைத் தூக்கினான். மடுவம் அதிர்ந்தது. அன்றுதான் எனக்கு நாடகம் என்றால் என்னவென்று புரிந்தது.

அதன்பின் வாரம் ஒருமுறை போனோம். ஒருநாள் லொறி முந்தி வந்து ஹோர்ன் அடித்தது. கணக்கப்பிள்ளை நிறுக்க வரச்சொல்லிச் சத்தம் போட்டார். நான் பாதி வசனத்தில் நின்றுவிட்டேன். ஒருத்தியும் அசையவில்லை. அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "செத்த இருங்கய்யா. அந்தப் புள்ள வீட்ட விட்டுப் போறாளா இல்லியான்னு பாத்துட்டு வர்றோம்."

அந்தப் புள்ளயாக நடித்தது நான்தான். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, இறங்கி வந்து தூணில் சாய்ந்துகொண்டார்.

இப்போது எலக்ட்ரிக் தராசு மலைக்கே போய்விடுகிறது. பறித்த இடத்திலேயே நிறுத்து அனுப்பிவிடுகிறார்கள். மடுவத்தைப் பிரித்துவிட்டார்கள். அம்மாவோடு உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் கொழும்பில் யார் யாருடைய வீட்டிலோ சமைக்கிறார்கள். பெரிய மண்டபங்களில் நிறையக் கைதட்டு வாங்கிவிட்டேன், இனியும் வாங்குவேன். ஆனால் எனக்காக ஒரு லொறியை நிறுத்திவைக்க அங்கே யாரும் இல்லை.