அலாமோ சுவரடியில் பாண்டித்துரை

பாண்டித்துரை கமுதிப் பக்கத்துக்காரர், பூச்சுவேலைக் கொத்தனார். 2007இல் அவருடைய துபாய் கம்பெனி பாலைவனத்துக்குள் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கேளிக்கை விடுதிக்கு அவரை அனுப்பியது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அலாமோ என்றொரு பழைய தேவாலயம் இருக்கிறது. மெக்சிகோ படை முற்றுகையிட்டு, உள்ளே எதிர்த்து நின்றவர்களைக் கொன்று தீர்த்த இடம். அங்கே அது நினைவுச் சின்னம். அதே முகப்பை இங்கே கட்டி, உள்ளே இறைச்சி சுட்டுப் பரிமாறும் உணவகம் வைக்கப் போகிறார்கள்.

புதுச் சுவரைப் பழசாக்குவதுதான் பாண்டித்துரையின் வேலை. வழவழவென்று பூசியே பழகிய கையால், பூசியதைக் கொத்திக் குண்டு பாய்ந்த குழிகளாக்கினார். கூட வேலை செய்தவர் பழனிச்சாமி, மனைவி வீரம்மாளின் அண்ணன். விசாவுக்கு ஏற்பாடு செய்து அவரை வரவழைத்ததே பாண்டித்துரைதான். சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் இருவருக்கும் ஒரே ரூம்.

"மாப்ள, ஊர்ல இப்படிப் பூசுனா வீட்டுக்காரன் வெரட்டி வெரட்டி அடிப்பான்" என்று பழனிச்சாமி சிரிப்பார்.

ஆகஸ்ட் மாதத்து வெயிலில், சாரத்தின் உச்சித் தட்டில் நின்றபோது பழனிச்சாமிக்குத் தலை சுற்றியது.

"மாப்ள, கண்ணு இருட்டுது."

பாண்டித்துரை குனிந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நிமிர்வதற்குள் அவர் அங்கே இல்லை. விழாமல் மாட்டிக்கொள்ளும் இடுப்பு பெல்ட் அடுத்த லோடில் வரும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது சுவரடியில் கிடந்த உடம்பில் மூச்சு இல்லை.

சுவரில் ரத்தம் தெறித்திருந்தது. மறுநாள் அதை மூடிப் பூசக் கலவையோடு போனார் பாண்டித்துரை. விடுதி மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, போர்மேன் சுஐபுவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கீழக்கரைக்காரரான சுஐபு தரையைப் பார்த்தபடியே அதைத் தமிழில் சொன்னார்.

"பூச வேணாமாம். அந்தக் கலரு ஒரிஜினல் மாதிரியே இருக்காம்."

"பாய், அது என் மச்சான் ரத்தம்."

"தெரியும்ப்பா. வா இந்தப் பக்கம்."

உடல் ஊருக்குப் போனது. திறப்பு விழா வருகிறது என்று பாண்டித்துரைக்கு லீவு கொடுக்கவில்லை.

விழாவுக்கு அலாமோ சண்டையை நடித்துக் காட்ட ஏற்பாடாகியிருந்தது. செத்து விழும் மெக்சிகோ சிப்பாய்களுக்கு ஆள் பற்றாததால், சைட்டிலிருந்தே பொறுக்கி எடுத்து நீலக் கோட்டு மாட்டிவிட்டார்கள். பாண்டித்துரை விழ வேண்டிய இடம் அந்தச் சுவரடி.

"பாய், வேற எங்கன வேணாலும் விழுறேன்."

"நானும் கேட்டுப் பாத்துட்டேன். மேனேஜரு மாஃபி, முடியாதுன்னுட்டாரு. காமிரா அங்கதான் வச்சிருக்காகளாம். மாட்டேன்னா விசாவக் கேன்சல் அடிச்சு ஊருக்கு ஏத்திவுட்ருவாக."

வெடிச் சத்தம் கேட்டதும் விழுந்தார். விருந்தாளிகள் கை தட்டினார்கள். படம் சரியாக விழவில்லை என்று மறுபடி விழச் சொன்னார்கள். இரண்டாம் முறை அவரால் எழுந்திருக்க முடியவில்லை. காய்ந்து கறுத்த கறை முகத்தெதிரே இருந்தது. அவருடைய உடம்பு குலுங்கியது. அழுகையை நடிப்பென்று நினைத்த மேனேஜர் விசில் அடித்தார். அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆட்டம் நடந்தது.

வீரம்மாள் போனில் கேட்டாள். "எங்கண்ணன் விழுந்த எடத்துக்குப் போனீகளா?"

"போனேன்."

"ஒரு பூவாவது போட்டீகளா?"

"போட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

மார்ச்சில் வெயில் ஏறியதும் ஆட்டத்தை நிறுத்தினார்கள். முவைலா என்ற இடத்தில் ஒரு கட்டட வேலைக்கு அவரை மாற்றும்போது, அடுத்த சீசன் வரை மீசையை எடுத்துவிடக் கூடாது, சிப்பாய் வேஷத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று சாயங்காலமே கேம்ப் குழாயடியில் மீசையை மழித்தார் பாண்டித்துரை.

நவம்பரில் ஒட்டு மீசை கொடுத்தார்கள்.