பதக்கத்துக்குள் மூன்று பேர்

அடுக்களையிலிருந்து பல் துலக்கும் சத்தம் வந்தது. கரகர, கரகர. பிறகு தண்ணீர். மறுபடியும் கரகர. அறுந்த முத்துமாலையோடு முன்னறையில் காத்திருப்பவர்களுக்கு அது பழகிய சத்தம். சாந்தாமணியம்மாள் யாருடைய சங்கிலியையோ பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நனைத்து, டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். குழந்தைகளுக்கான பிரஷ்தான் ஆகும். "பெரியவங்களுது தங்கத்தைப் பிறாண்டிப்போடும் கண்ணு."

ஊர் கோபிச்செட்டிபாளையம். இப்போது இருப்பது அமெரிக்காவில், பார்சிப்பனியில் மகன் ஜெயபிரகாஷின் வீட்டில். நகை கழுவுவார், முத்து பவளம் கோர்ப்பார், கொக்கி மாற்றுவார். அரைமணி கார்த் தூரத்தில் ஐசலினில் வரிசையாக நகைக்கடைகள் இருந்தும் தமிழ்ப் பெண்கள் இவரைத் தேடித்தான் வருகிறார்கள். கணவர் சேனாபதி காலமானதிலிருந்து தாலிக்கொடி மட்டும் கோர்க்க இவரிடம் வருவதில்லை. யாரும் காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அதற்கென்று வாங்கிய சிவப்புப் பட்டு நூல்கண்டு டப்பாவில் பிரிக்காமல் கிடக்கிறது.

சேனாபதிக்கு இந்த ஊர்க் குளிர் ஆகவே ஆகாது. ஆனால் கோட்டுக்குப் பித்தான் போட மாட்டார். தினமும் வாசலில் மனைவிதான் கழுத்துவரைக்கும் போட்டுவிட வேண்டும். இப்போது அவர் கராஜில், பனி வாரும் மண்வெட்டிக்குப் பக்கத்தில், ஒரு பித்தளைச் சொம்பில் இருக்கிறார். எலும்பு வீட்டுக்குள் இருக்கக் கூடாது. கராஜ் வீட்டில் சேர்த்தி இல்லை என்பது அம்மாளின் தீர்ப்பு. கிரீன் கார்டு வரும்வரை அம்மாள் ஊருக்குப் போக முடியாது; வந்ததும் பவானி கூடுதுறையில் கரைக்க வேண்டும். நானே கொண்டுபோய்க் கரைக்கிறேன் என்று மகன் சொல்லிப் பார்த்தான். "கூட்டீட்டு வந்தவ நானு. கூட்டீட்டுப் போறதும் நாந்தான்."

நவம்பரில் வான்மதி ஒரு பதக்கத்தோடு வந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள்; கவின் என்று ஒரு சின்ன மகன். ஓர் இத்தாலியக் குடும்பம் வீட்டைக் காலிசெய்து சாமான்களை விற்றபோது வாங்கியது. பழைய தங்கம். ஒரு பக்கம் நீல எனாமலில் மேரி மாதாவும் குழந்தையும். மறுபக்கம் கண்ணாடி மாதிரிப் பளிங்கு மூடி. மூடியைத் திறந்தால் மூன்று சின்ன அறைகள். அறைக்கொன்றாக, நொய்யரிசி அளவில் ஏதோ ஒன்று.

"தாயத்து மாதிரி க்யூட்டா இருக்குல்ல ஆன்ட்டி? உள்ள இருக்கறதை த்ரோ பண்ணிட்டு வாஷ் பண்ணிக் குடுங்க. கவின் போட்டோ வெக்கணும்."

அம்மாள் கண்ணாடி போட்டுப் பார்த்தார். எலும்பு. யாரோ மூன்று பேர், முழுக்குப் போட ஆளில்லாமல் அமெரிக்காவில் அடைபட்டிருக்கிறார்கள்! வான்மதியிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் போனதும் மூவரையும் பாலில் கழுவி, சேனாபதியின் சொம்பில் போட்டுக் கலக்கிவிட்டார். அவர்களுக்கும் பவானியில் ஒரு முழுக்கு ஆயிற்று. சேனாபதிக்கும் வழித்துணை ஆயிற்று. தனியாகப் பிரயாணம் செய்தே பழக்கமில்லாதவர்.

பதக்கத்தை வாங்கிக்கொண்டு போன வான்மதி, டிசம்பரில் கொட்டும் பனியில் திரும்பி வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஆன்ட்டி, அந்த போன்ஸை த்ரோ பண்ணலையே?"

"எலும்பை ஆராச்சும் குப்பையில போடுவாங்களா அம்மிணி?"

"ஆபீஸ்ல ஒரு கேத்தலிக் லேடி பார்த்துட்டு ஷாக் ஆயிட்டா. செயின்ட்ஸோட போன்ஸாம் ஆன்ட்டி! நானூறு அஞ்ஞூறு வருஷமா வெச்சுக் கும்பிட்டிருக்காங்க. நான் போட்டோ மாட்டினதுலேர்ந்து கவினுக்கு ஃபீவர் விடவே இல்ல. டாக்டர் வைரல்ங்கறார். இது சாமி குத்தம் ஆன்ட்டி. திருப்பி வெச்சுக் குடுங்க, சண்டே சர்ச்லயே குடுத்துடறேன்."

சாந்தாமணியம்மாள் கராஜ் கதவைப் பார்த்தார்.

"கலந்துபோச்சே கண்ணு."

"எதோட?"

"எங்கூட்டுக்காரரோட."

வான்மதி சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

கராஜில் தாம்பாளத்தைப் போட்டு அம்மாள் சொம்பைக் கவிழ்த்தார். இந்த ஊர்ச் சுடுகாட்டில் எலும்பை அரைத்துத்தான் கொடுக்கிறார்கள். அதிலும் சில நொய்யாகத் தப்பிவிடுகின்றன. புனிதர்கள் பழுப்பு நிறம் என்பது நினைவிருந்தது. சேனாபதியிலும் அங்கங்கே பழுப்பு இருந்தது. இடுக்கி இரண்டைச் சட்டென்று எடுத்தது. மூன்றாவதற்குத் தாம்பாளத்தை மூன்று தரம் சுற்றி வந்தது.

பிறகு அந்தச் சிவப்பு நூல்கண்டைப் பிரித்தார். ஒவ்வொன்றையும் நூலால் சுற்றி, அதனதன் அறையில் வைத்து, பளிங்கு மூடியை அழுத்தினார்.

"இது அவங்கதானே ஆன்ட்டி? ஷ்யூரா?"

"ரெண்டு பேரு அவிங்கதான். அடிச்சுச் சொல்லுவேன்."

"மூணாவது?"

"மூணாவதும் நல்லவருதான்."

 கவினுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. வான்மதி பதக்கத்தைக் கண்ணில் ஒற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சர்ச்சுல எங்க வெப்பாங்க கண்ணு?"

"பூசை நடக்கற ஆல்டர் பக்கத்துல, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெப்பாங்களாம்."

"ஹீட்டர் போடுவாங்களா?"

"சர்ச் ஃபுல்லா ஹீட்டிங் உண்டு ஆன்ட்டி."

"அப்பச் சரி."

கணவர் போனதிலிருந்து, சுமங்கலிப் பெண்கள் புறப்படும்போது அம்மாள் எதிரே வருவதில்லை. அடுக்களையில் நின்றபடியே "போய்ட்டு வா கண்ணு" என்பார். அன்று வாசல்வரைக்கும் வந்தார். வான்மதியின் திறந்த கோட்டை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து, கீழேயிருந்து ஒவ்வொரு பித்தானாகப் போட்டுக்கொண்டு மேலே வந்தார்.

"கார் இங்கதான் இருக்கு ஆன்ட்டி. எனக்குக் குளிரல."

அம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதக்கம் மறையக் கழுத்துப் பித்தானையும் போட்டு, அதன்மேல் இரண்டு தரம் தட்டிக்கொடுத்து, அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.